நன்றியுரையில் ஒரு வரி

அன்று கல்லூரியின் கருத்தரங்க அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். என் நெறியாளர், அவரைக் கல்லூரியில் எல்லோரும் கைடு சார் என்பார்கள். வேறு மாவட்டத்திலிருந்து, என் செலவில் அமர்த்திய வாடகைக் காரில் வந்து இறங்கிய புறத்தேர்வாளர் அம்மையார். வருகைப் பதிவும் சமோசாவும் உண்டு என்று சொல்லி உட்காரவைக்கப்பட்ட இரண்டாம் ஆண்டுப் பொருளியல் மாணவர்கள். கடைசி வரிசையில், ஏசிக் குளிருக்கு முந்தானையைக் காதைச் சுற்றிப் போர்த்தியிருந்த என் அம்மா. மூன்றாம் வரிசையில் ஸ்டாட்ஸ் மேடம். அவளுக்குப் பக்கத்தில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், அவளுடைய தாய்மாமா.

வராதவர்கள் இரண்டு பேர். என் அப்பா பாலக்கோட்டு மண்டியில் தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். லோடு வந்துவிட்டால் மகன் டாக்டர் ஆனாலும் சரி, கலெக்டர் ஆனாலும் சரி, லோடுதான். இன்னொருவர் அவளுடைய அப்பா. "காலேஜ் ஃபங்ஷனுக்கு நான் எதுக்கு?" என்று சொல்லி மச்சானை அனுப்பிவைத்திருந்தார்.

ஃபங்ஷன் என்று அவர் நினைத்தது என் முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு.

ஸ்டாட்ஸ் மேடம் என்பவள் கணிதத் துறையில் புள்ளியியல் நடத்திய தற்காலிக விரிவுரையாளர். நான் பொருளியல் துறையில் தற்காலிகம். "அவள்" என்று எழுத அவளிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். கல்லூரியில் நாங்கள் ஒருவரையொருவர் சார், மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம், காதலித்தபோதும் அப்படியே. வாட்ஸ்ஆப்பில் அவள் ஒரே ஒரு முறை இதயம் அனுப்பினாள். அதற்குக் கீழே "சார்" என்று இருந்தது.

நான் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அம்மா தக்காளி பறிப்பாள், அப்பா தக்காளி சுமப்பார், நான் தக்காளியைப் பற்றி ஆய்வு செய்தேன். பாலக்கோடு, மாரண்டஹள்ளிப் பக்கத்துத் தக்காளி விவசாயிகள் விலை விழும்போது என்ன செய்கிறார்கள், யாரிடம் கடன் வாங்குகிறார்கள் என்பது தலைப்பு. "கீழ கொட்டிட்டு அழுவாங்க, இதுக்கு ஆறு வருசமா?" என்றார் அப்பா. முடிவுரையில் நான் எழுதியதும் ஏறக்குறைய அதுதான், நாற்பது பக்கத்தில்.

முந்நூறு விவசாயிகளிடம் வினாத்தாள் நிரப்பி வாங்கினேன். கணினியில் ஏற்றினேன். அதோடு எனக்குத் தெரிந்தது முடிந்துபோயிற்று. எங்கள் கல்லூரியில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு: எந்தத் துறை ஆய்வாளனானாலும் எண்கள் வந்ததும் ஒரு பென்டிரைவோடு கணிதத் துறைக்குப் போவான். அங்கே ஸ்டாட்ஸ் மேடம் இருப்பாள். பத்து நாளில் அட்டவணைகள் தயாராகும். "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்லி எடுத்துப் போவான். அவள் பெயர் எங்கேயும் வராது. வணிகவியலில் மூன்று பேர், சமூகப்பணியில் இரண்டு பேர், கைடு சாரின் கட்டுரைகள் எத்தனையோ, எல்லாம் அவள் போட்ட அட்டவணைகளின் மேல்தான் நின்றன.

நானும் பென்டிரைவோடும், சரிபார்க்க வினாத்தாள் கட்டோடும் போனேன். நான்காம் நாள் கூப்பிட்டனுப்பினாள்.

"சார், நாப்பத்தேழாவது விவசாயிக்கு வயசு எரநூத்திப் பத்துன்னு இருக்கு. நல்லாருக்காருங்களா?"

"தட்டச்சுப் பிழைங்க மேடம். இருபத்தொண்ணு."

"சரிங்க. அப்புறம் எரநூத்தி எம்பத்தெட்டுக்கு மேல கடைசிப் பன்னண்டு பேரு. அவங்க மட்டும் ஒருத்தரும் கடன் வாங்கல. வெல வுழுந்தாலும் மனசு வுடல. எல்லாருக்கும் ரெண்டு புள்ளைங்க. யாருங்க சார் அவங்க? எந்த ஊரு? நானும் அங்கயே குடி போயிடறேன்."

எனக்குக் காது சுட்டது. அந்தப் பன்னிரண்டு பேர் எந்த ஊரிலும் இல்லை. மாரண்டஹள்ளி பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கிய டீக்கடையில் உட்கார்ந்து, முந்நூறுக்கு இன்னும் பன்னிரண்டு குறைகிறதே என்று, நானே நிரப்பியவை. எல்லா ஆய்வாளர்களும் கொஞ்சம் அப்படிச் செய்வார்கள் என்று சீனியர் ஒருவர் சொல்லியிருந்தார். ஆனால் பேனாவைப் பிடித்தபோது என் கை பொய்யாகக்கூட அவர்களுக்குக் கடன் எழுதவில்லை. என் அப்பா அம்மாவுக்கு நான் ஆசைப்பட்ட வாழ்க்கையைப் பன்னிரண்டு முறை எழுதிவைத்திருந்தேன்.

அதை அப்படியே அவளிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டு தாள்களையும் எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"கிழிச்சுப் போடுங்க சார். போய் நெசமான பன்னண்டு பேரைக் கேட்டுட்டு வாங்க. பதிலு உங்களுக்குப் புடிக்காது. அதுக்குத்தான் கேக்கறது."

கிழித்தேன். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மாரண்டஹள்ளிக்குப் போனேன். இரண்டாவது ஞாயிறு அவளும் வந்தாள், நான் இன்னொரு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேனோ என்ற சந்தேகத்தில். வந்தவள் ஒரு விவசாயியிடம் என்னைவிட நன்றாகக் கேள்வி கேட்டாள். திரும்பும் பஸ்ஸில் இடமில்லாமல் கம்பியைப் பிடித்து நின்றபடி, மனிதர்கள் எப்படிப் பொய் சொல்வார்கள், எண்கள் அதை எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று பாலக்கோடு வரும்வரை விளக்கினாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு யாருடைய பேச்சும் பேச்சாகப் படவில்லை.

அவர்கள் வீடு பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில். கிணறும் நிலமும் உள்ளவர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் அப்படிப்பட்ட நிலங்களில் கூலிக்குப் பறிப்பவர்கள். இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. எங்கள் மாவட்டத்தில் இதைப் படிப்பவர்கள் அடுத்த வரியையும் அவர்களாகவே படித்துக்கொள்வார்கள். எங்களுக்கும் அந்த வரி தெரியும். தெரிந்துதான் இரண்டு வருடம் சார், மேடம் என்று இருந்தோம்.

ஆய்வேடு முடிந்து கடைசியில் நன்றியுரை எழுதும் நாள் வந்தது. வெளியாட்களுக்குத் தெரியாது, ஆய்வேட்டில் எல்லோரும் முழுதாகப் படிக்கும் ஒரே பக்கம் அதுதான். அதற்குக் கைடு சார் ஒரு மாதிரி வைத்திருந்தார். முதலில் கடவுள். பிறகு கல்லூரி நிறுவனர், தாளாளர், முதல்வர். பிறகு கைடு சார், அரைப் பக்கம். பிறகு கைடு சாரின் துணைவியார்: "தாயன்போடு உணவளித்து ஊக்கமூட்டிய" என்று தொடங்கும் இரண்டு வரிகள். அவரிடம் பட்டம் வாங்கிய ஏழு பேரின் ஆய்வேட்டிலும் அந்த இரண்டு வரிகள் எழுத்து மாறாமல் இருக்கும். அந்த வீட்டில் நான் குடித்தது ஒரு சொம்புத் தண்ணீர், அதுவும் கேஸ் சிலிண்டர் தூக்கிப் போய் வைத்த அன்று. பெற்றோர் கடைசியில், இடம் இருந்தால்.

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தது. நன்றியுரையை மட்டும் தமிழில் எழுதினேன், அம்மாவுக்குப் படித்துக்காட்ட. மாதிரியில் இருந்த எல்லோரையும் வைத்தேன். அம்மா அப்பாவை மேலே கொண்டுவந்தேன். பிறகு அவளிடம் கேட்டேன், உங்கள் பெயரை எப்படிப் போட என்று.

"உதவிய தோழின்னு போடாதீங்க. தோழிங்க டேபிள் போட மாட்டாங்க."

"பின்ன?"

"என்ன பண்ணேனோ அதப் போடுங்க. நாம என்ன பண்ணப்போறோமோ அதையும் போடுங்க."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவளே எடுத்து எழுதினாள். அந்த வரி இது: "இந்த ஆய்வின் அட்டவணைகள் அனைத்தையும் உருவாக்கியவரும், பொய்யான பன்னிரண்டு வினாத்தாள்களைக் கிழித்துப் போடச் சொன்னவரும், நான் மணக்கவிருப்பவருமான," பிறகு அவள் பெயர், "கணிதத் துறை விரிவுரையாளருக்கு என் நன்றி."

"வூட்டுல தெரிஞ்சா?" என்றேன்.

"வூட்டுல தனியாச் சொன்னா கதவச் சாத்திடுவாங்க சார். மைக் இருக்கற ஹால்ல, நூறு பேரு முன்னாடி தெரியட்டும். நூறு பேரு கேட்டத ஒருத்தரு மூடி மறைக்க முடியாது."

இது அவளுடைய கணக்கு. அவள் கணக்கு தவறி நான் பார்த்ததில்லை.

கைடு சாரிடம் அச்சுப்படி காட்டினேன். அவர் தன் அரைப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு அந்த வரி. கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னாப்பா இது? தீசிஸா, கல்யாணப் பத்திரிகையா?"

"நன்றியுரைங்க சார்."

"மணக்கவிருப்பவர்ங்கறத எடுத்துடு. எடுக்கறதோட அந்த வரியவே எடுத்துடு. இந்தப் பொண்ணு பேரு ஒண்ணுல வந்துச்சுன்னா, மத்த ஏழு தீசிஸ் டேபிளையும் யாரு போட்டதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டுங்க சார். எடுக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகப் பேசுவதாக நினைத்தார். அவருடைய அனுபவத்தில் கையெழுத்து வாங்க வேண்டிய ஆய்வாளன் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது. அதனால் அந்தச் சொல் அவர் காதில் ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து ஆறு பிரதிகளும் பைண்டிங் ஆகி வந்தன. வழக்கப்படி சான்றிதழ்ப் பக்கத்தை மட்டும் விரித்து அடுக்கிவைத்தேன். வழக்கப்படி போனில் பேசிக்கொண்டே ஆறிலும் கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கம் திருப்பியிருந்தால் இந்தக் கதை இல்லை.

வாய்மொழித் தேர்வு அறிவிப்பில் "ஆர்வமுள்ள பொதுமக்களும் கலந்துகொண்டு வினா எழுப்பலாம்" என்று ஒரு வரி இருக்கும். எந்தப் பொதுமக்களும் வந்ததில்லை. இரண்டு கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதி முன்கூட்டியே மாணவர்களிடம் கொடுத்துவிடுவோம். ஸ்டாட்ஸ் மேடம் அந்த அறிவிப்பைத் தன் அப்பாவுக்கு அனுப்பி, "என் வேலைக்கு நன்றி போட்டிருக்காங்கப்பா, வாங்க" என்றாள். அது பொய்யில்லை. அப்பா மாமாவை அனுப்பினார்.

புறத்தேர்வாளர் அம்மையார் அறுபதை நெருங்கியவர், காலில் கேன்வாஸ் ஷூ. என் நாற்பது நிமிட விளக்கத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். மாணவன் துண்டுச்சீட்டுக் கேள்வியைப் படித்தான். நான் மனப்பாடப் பதிலைச் சொன்னேன். பிறகு அவர் கண்ணைத் திறந்து, ஆய்வேட்டின் முன்பக்கங்களைப் புரட்டி, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அட்டவணையெல்லாம் ரொம்பச் சுத்தம். யாரு போட்டதுன்னு பாக்கறதுக்கு நன்றியுரையப் படிச்சேன்." அந்த வரியை முழுவதும் வாசித்தார். பெயரோடு. மைக்கில்.

பின்வரிசை மாணவர்கள் ஓ என்றார்கள். கைடு சார் தன் முன்னால் இருந்த பிரதியை வேகமாகத் திறந்து, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, தன் கையெழுத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"மணக்கவிருப்பவர்னு போட்டிருக்கீங்க. இது கருதுகோளா, முடிவா?" என்றார் அம்மையார்.

"முடிவுங்க மேடம்."

"எதிர்த் தரப்பு?"

ஸ்டாட்ஸ் மேடம் எழுந்து நின்றாள். "அந்த வரிய எழுதுனதே நான்தாங்க மேடம்."

அம்மா கடைசி வரிசையிலிருந்து யாரிடமோ, "என்னாங்கறாங்க, பாஸா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் மாமா எழுந்தார். அவர் கையில் செல்போன், அதில் அறிவிப்பு. நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கத்துவார், அவள் கையைப் பிடித்து இழுத்துப் போவார் என்று நினைத்தேன். அவர் போனை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்துவிட்டுப் பேசினார்.

"ஏனுங்க, பொதுமக்களும் கேள்வி கேக்கலாம்னு இதுல போட்டிருக்குது. நான் கேக்கலாங்களா?"

"கேளுங்க. அதுக்குத்தான் போட்டிருக்கு" என்றார் அம்மையார்.

மாமா என்னைப் பார்த்தார். "தம்பி. முந்நூறு விவசாயி வூட்டுக்குப் போயி, உனுக்கு எவ்ளோ நெலம், எவ்ளோ கடன், எத்தன புள்ளன்னு கேட்டிருக்கீங்க. இந்தப் பொண்ணோட அப்பா, எங்க மாமன், அவரும் வெவசாயிதான். அவரு வூட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேக்க உங்களுக்கு வழி தெரியலீங்களா?"

ஆறு வருட ஆய்வில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி. துண்டுச்சீட்டில் இல்லாதது.

"கேட்டா என்னா பதில் வரும்னு தெரியுங்க. அதனாலதான் கேக்கல."

அம்மையார் மைக்கைத் தட்டினார். "பதில் தெரியும்னு கேக்காம விட்டா அதுக்குப் பேரு ஆய்வு இல்லப்பா."

நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு தாள்களைக் கையில் கொடுத்தபோது பார்த்த அதே பார்வை, ஆனால் இம்முறை அவளும் அதில் மாட்டியிருந்தாள்.

பட்டத்துக்குத் தகுதி என்று அம்மையார் அறிவித்தார். பிரியாணி சாப்பிட்டார், சால்வை வாங்கிக்கொண்டார், காரில் ஏறும்போது என் அம்மாவிடம் "பையன் தேறிட்டாம்மா" என்றார். மாமா சாப்பிடவில்லை. மருமகளை பஸ் ஏற்றிவிட்டு, தானும் அதே பஸ்ஸில் ஏறி, மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்துகொண்டு போனார். அன்று அவள் அனுப்பிய செய்தி: "மாமா கேட்டது சரிதான் சார். அப்பாவோட ஃபாரத்த நாமளே நிரப்பிட்டோம்."

அடுத்த ஞாயிறு காலை பாப்பாரப்பட்டிக்குப் போனேன். போகாதே என்றார் அப்பா. தனியாகப் போகாதே என்றார்கள் நண்பர்கள். நான் தனியாகத்தான் போனேன், வினாத்தாள் செருகும் கிளிப் அட்டை எடுக்காமல். அனுமதி கேட்கப் போகவில்லை. அது எங்கள் இருவர் கையில்தான் இருந்தது. பதிலை அவர் வாயால் கேட்கப் போனேன்.

அவளுடைய அப்பா டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. மாமா வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார், தன் பொறுப்பில். அவள் அறை வாசலில் நின்றாள்.

"உங்க பொண்ணக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு விருப்பங்க. அவங்களுக்கும் விருப்பம். உங்க விருப்பம் என்னாங்க?"

டிவியில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அது சிவக்கும் வரை பார்த்தார்.

"விருப்பம் இல்ல" என்றார். "உங்க மேல ஒண்ணும் இல்லீங்க. தெறமசாலின்றாங்க. நாளைக்கு ஊர்ல நான் நடக்கணும். அவ்ளோதான்."

"நாங்க பண்ணிக்குவோங்க. ஒளிஞ்சு பண்ண மாட்டோம். தேதி சொல்லிட்டுத்தான் பண்ணுவோம்."

"பண்ணுங்க. நான் வர மாட்டேன்."

"மூணு வருசமா என் சம்பளத்துலதானப்பா உன் மோட்டாருக்கு ரிப்பேரு பாத்த" என்றாள் அவள் வாசலிலிருந்து. "அப்பல்லாம் ஊரு ஒண்ணும் சொல்லல."

வெளியே வரும்போது மாமா என் கூடவே பஸ் நிறுத்தம் வரை நடந்தார். யாராவது பின்னால் வருவார்களா என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். பஸ் வந்ததும், "கேட்டுட்டீங்க இல்ல, போங்க" என்றார்.

பட்டம் மட்டும் அப்போது கைக்கு வரவில்லை. திருத்தங்கள் செய்யப்பட்டன என்று நெறியாளர் சான்று கொடுக்க வேண்டும். அம்மையாரின் அறிக்கையில் திருத்தம் எதுவும் இல்லை. கைடு சார் தானாக ஒன்றைச் சேர்த்தார்: நன்றியுரை மாற்றப்பட வேண்டும். நான் மாட்டேன் என்றேன். இம்முறை அவர் காதில் ஏறியது. ஒரு மாதம் சான்று கிடப்பில் கிடந்தது. இடையில் கல்லூரி அலுவலகத்திலிருந்து எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அடுத்த பருவத்துக்கு வர வேண்டாம் என்றார்கள். எழுத்தில் கொடுங்கள் என்றோம். அதெல்லாம் பழக்கமில்லை என்றார்கள். அந்த மாதச் சம்பளமும் வரவில்லை.

ஆய்வேட்டுப் பிரதியை எடுத்துக்கொண்டு கைடு சார் வீட்டுக்கே போனேன். கதவைத் திறந்தது அவருடைய மனைவி. சார் குளிக்கிறார், உட்காரு என்றார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். பிரதியை என் கையிலிருந்து வாங்கினார்.

"ஏழு பேரு புக்கு இந்த வூட்டு அலமாரியில இருக்கு. ஒண்ணையும் நான் தொறந்ததில்ல. உன்னுதுலதான் என்னமோ எழுதி வெச்சிருக்கியாம். எந்தப் பக்கம்?"

காட்டினேன். விரல் வைத்து மெதுவாகப் படித்தார். தன் வரியில் விரல் நின்றது.

"தாயன்போட உணவளிச்சேனா? யாருக்கு?"

"அது மாதிரியில இருக்கறதுங்கம்மா."

"நான் உனுக்கு ஒரு வாய் சோறு போட்டிருக்கனா? போட்டிருந்தாலாவது பரவால்ல." விரல் கீழே இறங்கி அந்த வரியை அடைந்தது. இரண்டு முறை படித்தார். "இவரு தீசிஸ டைப் அடிச்சது யாருன்னு தெரியுமா? நாந்தான். பழைய மெஷினு. வயித்துல மூத்தவன். மேசை எட்டாம தலகாணி அடுக்கி உக்காந்து அடிச்சேன். அதுல எம்பேரு எங்க இருக்குதுன்னு இத்தன வருசத்துல நான் பாக்கல. இருந்திருந்தா காட்டியிருப்பாரு."

எழுந்து போய் ஒரு சிவப்புப் பேனா எடுத்துவந்தார். தன்னைப் பற்றிய இரண்டு வரிகளையும் அடித்தார். ஸ்கேல் வைத்து அடித்ததுபோல நேராக இருந்தது.

"திருத்தம் வேணுங்கறாருல்ல? இதான் திருத்தம். பொய்ய எடு. அந்தப் பொண்ணு வரியத் தொட்டினா என்கிட்ட வராத."

உள்ளிருந்து கைடு சார் துண்டோடு கேட்டார்: "யாரு வந்திருக்கா? என்னா பண்றீங்க?"

"உங்க வேலையத்தான்" என்றார் அவர்.

ஆறு பிரதிகளையும் பிரித்து, அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றி, மறுபடி பைண்டிங் செய்தேன். பைண்டிங் கடைக்காரர், "என்னா சார், ரெண்டு வரி எடுக்கறதுக்கா இவ்ளோ?" என்றார். நடந்ததைச் சொன்னேன். கூலியில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை, ஆனால் கல்யாணத்துக்குச் சாட்சி வேண்டுமானால் கூப்பிடச் சொன்னார். கைடு சார் இரண்டு வாரம் கழித்துச் சான்று கொடுத்தார். என்னைப் பார்க்காமல், பிரதிகளோடு சேர்த்து அலுவலக உதவியாளரிடம் கொடுத்தனுப்பினார். இம்முறை ஆறு பிரதியிலும் எல்லாப் பக்கமும் திருப்பியிருந்தார் என்பது ஓரங்களில் ஒட்டியிருந்த அவர் விரல் விபூதியில் தெரிந்தது.

பதிவுத் திருமணத்துக்கு விண்ணப்பித்தோம். அங்கேயும் அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் ஒட்டிவைப்பார்கள், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கலாம் என்று. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்து பதிந்தால் இந்த முப்பது நாள் பயம் இல்லை என்றார்கள் பலர். அவள் மறுத்தாள். "ஹால்ல ஒரு தடவ கேட்டாங்க. இங்கயும் கேக்கட்டும் சார்." அந்த முப்பது நாளும் அவள் திருப்பத்தூரில் ஒரு தோழி வீட்டில் இருந்தாள். நான் ஒவ்வொரு நாளும் தெரு முனையில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போனேன். பயம் இருந்தது. அது எங்களைப் பின்வாங்க வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பதினெட்டாம் நாள் மாமா பதிவு அலுவலகத்துக்கு வந்து அந்த அறிவிப்பைப் படித்தார் என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார். படித்துவிட்டு, எங்கே ஆட்சேபணை எழுதுவது என்று கேட்டாராம். படிவத்தைக் கொடுத்திருக்கிறார்கள். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அது திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். என் அம்மா, தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்தவள், நாக்கை மடித்துக் கடித்து எழுதினாள். பைண்டிங் கடைக்காரர், கையில் பசையோடு. மூன்றாவது, கைடு சாரின் மனைவி. "சார் வரலீங்களா?" என்று கேட்டேன். "அவருக்குச் சமையல் இருக்கு" என்றார். என் அப்பா லோடுக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து முதல் முறை. அவளுடைய அப்பா, சொன்னபடி, வரவில்லை. மாமா எதிரே டீக்கடையில் நின்றிருந்தார். அவள் கையை உயர்த்திக் காட்டினாள். அவர் டம்ளரை வைத்துவிட்டுக் காசு கொடுத்துப் போனார்.

இப்போது நாங்கள் வேறு ஒரு கல்லூரியில் இருக்கிறோம். பென்டிரைவோடு ஆய்வாளர்கள் வந்தால் அவள் முதலில் ஒரு தாளை நீட்டுகிறாள்: என் பெயர் எந்தப் பக்கத்தில் வரும், எழுதிக் கொடுங்கள். பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள். போகட்டும். நாங்கள் ஒருவரையொருவர் இன்னும் சார், மேடம் என்றுதான் கூப்பிடுகிறோம்.

அந்த ஒரு வரிக்கு ஆன செலவு எவ்வளவு என்று சென்ற வாரம் அப்பா கேட்டார். அவள் கூட்டிச் சொன்னாள். அதை மைக்கில் வாசித்த புறத்தேர்வாளரின் காரும் சால்வையும் பிரியாணியும், இரண்டாவது பைண்டிங், வராமல் போன எங்கள் இருவர் சம்பளம், பதிவுக் கட்டணம், மாலை, டீ. ஐம்பத்து மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய்.